பின்களத்தில் நிற்கும் வெள்ளகோவில் தம்பிகளுக்கு



வெள்ளகோவிலிலும் முத்தூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பொழுது சாயும் நேரத்தில் பள்ளி மைதானத்தில் பந்து உதைக்கிறீர்கள். அந்தக் கூட்டத்தில் பின்னால் நிற்கிறவர்களுக்கு மட்டும் இந்த மடலை எழுதுகிறேன். கோல் போடுகிறவனுக்குக் கைதட்ட ஊரில் ஆள் இருக்கிறது. கோப்பை கொடுக்கும் நாளில் மைக்கில் அவன் பெயரை நாலு முறை சொல்வார்கள், தோளில் தூக்குவார்கள், ரொக்கப் பரிசும் உண்டு. ஸ்டாப்பராகவும் பேக்காகவும் நின்று காலிலும் முழங்காலிலும் உதை வாங்கியவன் சட்டையைப் பிழிந்துகொண்டு ஓரமாக நிற்பான். அப்படி நின்றவர்களில் எத்தனையோ பேர் இருபது, இருபத்திரண்டு வயதில் பந்தை மறந்து, ஷிப்டுக்கும் பனியன் கம்பெனி வேனுக்கும் நேரம் பார்க்கும் ஆளாகிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். உங்களை அப்படிப் போகவிட எனக்கு மனமில்லை.

உங்களைப்போலவே பின்னால் நின்ற ஒருவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். 2025 ஆகஸ்ட் 5 அன்று போர்ச்சுகலில் ஜோர்ஜ் கோஸ்டா இறந்தார். வயது 53. போர்டோ கிளப்பின் பயிற்சி மையத்தில் வேலையில் இருந்தபோதே இதயம் நின்றுபோனது. கால்பந்தைத் தொடர்ந்து பார்க்கிற உங்களில் சிலருக்கு இந்தப் பெயர் ஞாபகம் வரும். 2018 முதல் 2020 வரை மும்பை சிட்டி அணியின் பயிற்சியாளராக நம் நாட்டில் வேலை பார்த்தவர். ஐ.எஸ்.எல். ஆட்டங்களில் கோட்டுக்கு வெளியே, அகலமான தோளோடு, கையைக் கட்டி நின்று கத்திக்கொண்டிருந்தவர் அவர்தான்.

அவர் பிறந்தது போர்டோ நகரத்தில், 1971 அக்டோபர் 14 அன்று. 1991இல் போர்ச்சுகலில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையைப் போர்ச்சுகல் வென்றபோது அந்த அணியில் அவர் இருந்தார். லிஸ்பனில் பிரேசிலோடு இறுதியாட்டம். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மைதானத்தில். கோல் விழாமல் ஆட்டம் பெனால்டிக்குப் போய்ப் போர்ச்சுகல் ஜெயித்தது. அந்த அணியிலிருந்து உலகம் ஞாபகம் வைத்துக்கொண்ட பெயர்கள் லூயிஸ் ஃபிகோவும் ரூய் கோஸ்டாவும். இருவருமே முன்னால் ஆடியவர்கள். அந்த இறுதியாட்டத்தில் பிரேசில் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் உங்களில் நிறைய. ஒரு பெட்ஷீட்டை விரித்துப் பார்க்கிறவன் பூவையும் கரையையும் பார்ப்பான். பாவு நூலைப் பார்த்து வாங்கியவன் கிடையாது. ஆனால் பாவில் ஓர் இழை அறுந்து, கவனிக்காமல் விட்டால் துணி நெடுகக் கோடு விழுந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும். தறிக்குப் பக்கத்தில் நின்று அந்த இழையைக் கண்டு முடிகிறவனுடைய வேலைதான் உங்களுக்கு மைதானத்தில்.

கோஸ்டா அந்த வேலையைப் போர்டோவுக்காக 383 ஆட்டங்களில் செய்தார். 1995 முதல் 1999 வரை அந்தக் கிளப் தொடர்ந்து 5 முறை போர்ச்சுகல் லீக்கை வென்றது. அவர் ஆடிய காலம் முழுக்கக் கணக்கிட்டால் லீக் பட்டம் 8. நாட்டுக்காக 50 ஆட்டங்கள். முதுகில் 2ஆம் எண். அழகாக ஆடுகிறவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. இங்கிலாந்தில் சார்ல்டன் அணிக்குக் கொஞ்ச காலம் ஆடப் போனபோது அங்கிருந்த ரசிகர்கள் அவருக்கு ‘டேங்க்’ என்று பெயர் வைத்தார்கள். எதிரே வந்து மோதினால் என்ன ஆகும் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும்.

இப்போது அவர் வாழ்க்கையின் நல்ல பக்கத்தை விட்டுவிட்டு, அடிபட்ட பக்கத்தைச் சொல்ல வேண்டும். பின்களக்காரனுக்கு அதுதான் உபயோகம்.

1996 நவம்பரில் போர்டோவில் ஏசி மிலானோடு ஆட்டம். முடிந்து வெளியே போகும் வழியில் மிலானின் ஜார்ஜ் வீயா தலையால் முட்டிக் கோஸ்டாவின் மூக்கை உடைத்தார். அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. வீயா அப்போது உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை வைத்திருந்தவர். பின்னாளில் லைபீரியாவின் ஜனாதிபதியாகவும் ஆனார். கோஸ்டா தன்னை நிறத்தைச் சொல்லித் திட்டினார் என்பது வீயாவின் குற்றச்சாட்டு. கோஸ்டா மறுத்தார். சாட்சி கிடைக்கவில்லை. வீயாவுக்கு 6 ஆட்டத் தடை விதித்தார்கள். யார் சொன்னது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன். பின்களக்காரன் தொண்ணூறு நிமிடமும் எதிராளியின் மூச்சுப்படும் தூரத்தில் நிற்கிறான். அங்கே வாயிலிருந்து என்ன வருகிறது என்பது நடுவருக்குக் கேட்காது. சாதியையோ நிறத்தையோ அம்மாவையோ இழுத்து எதிராளியின் ரத்தத்தைச் சூடாக்குவது நம் மைதானங்களிலும் நடக்கிறது. அந்தப் பழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றோடு விடுங்கள். காலால் தடுக்கத் தெரிந்தவனுக்கு நாக்கு தேவையில்லை.

அடுத்தது 2001. போர்டோவின் கேப்டன் அவர். ஓர் ஆட்டத்தின் நடுவில், அதுவும் முதல் பாதியிலேயே, பயிற்சியாளர் ஒக்தாவியோ மச்சாடோ அவரை மாற்றி வெளியே கூப்பிட்டார். கோபத்தில் கேப்டன் பட்டையைக் கழற்றி எறிந்தார் கோஸ்டா. அத்தோடு அவருக்கு அங்கே இடமில்லை. பிறந்த ஊரின் கிளப்பை விட்டு லண்டனுக்கு, சார்ல்டனுக்குக் கடனாக ஆடப் போனார். வயது முப்பது. பின்களக்காரனுக்கு அந்த வயதில் வெளியே போனால் திரும்பி வருவது அபூர்வம்.

2002 உலகக் கோப்பை, தென் கொரியாவில் சுவோன் நகரம், ஜூன் 5. அமெரிக்காவோடு முதல் ஆட்டம். ஃபிகோ, ரூய் கோஸ்டா எல்லாரும் இருந்த அணி, கோப்பையே அடிக்கும் என்று பேசப்பட்ட அணி. அமெரிக்க வீரர் லேண்டன் டோனவன் ஓரத்திலிருந்து அடித்த பந்து கோஸ்டாவின் மேல் பட்டுத் தன் வலைக்குள்ளேயே போய்விழுந்தது. நம் ஊர் மொழியில் சேம்சைடு கோல். போர்ச்சுகல் 3-2 என்று தோற்றது. அதே ஆட்டத்தில் அமெரிக்காவின் ஜெஃப் அகூஸ் என்ற பின்களக்காரரும் தன் பக்கமே ஒரு கோல் போட்டார் என்பதை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? அகூஸின் அணி ஜெயித்துவிட்டது, அதனால் அவர் தப்பித்தார். போர்ச்சுகல் முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. கோஸ்டா அதன்பின் நாட்டுச் சட்டையைப் போடவில்லை.

சேம்சைடு கோல் போட்ட பையன் நம் ஊரில் என்ன பாடுபடுவான் என்று உங்களுக்குத் தெரியும். டீக்கடையில் பேச்சு, வாட்ஸப்பில் கிண்டல், அடுத்த வாரம் பெயர்ப் பட்டியலில் இல்லை. சில பேர் அத்தோடு மைதானத்துப் பக்கமே வருவதில்லை. பந்துக்கும் வலைக்கும் நடுவில் கடைசி ஆளாக நிற்பவன் மேல்தான் பந்து பட்டுத் திரும்பும். ஒதுங்கி நின்றவன் மேல் படாது. சேம்சைடு கோல் விழுந்த இடத்தில் பெரும்பாலும் சரியான இடத்துக்கு ஓடி வந்த ஒருவன் இருப்பான். உங்கள் அணித் தலைவருக்கும் பி.டி. வாத்தியாருக்கும் இதை நீங்களே தைரியமாக எடுத்துச் சொல்லலாம்.

கோஸ்டா என்ன ஆனார் என்றால், உலகக் கோப்பை நடந்த அந்த ஆண்டே போர்டோவின் புதிய பயிற்சியாளர் ஜோசே மொரின்யோ அவரைத் திரும்ப அழைத்தார். கேப்டன் பட்டையும் திரும்பக் கைக்கு வந்தது. 2003 மே மாதம் செவில் நகரில் செல்டிக் அணியைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று ஜெயித்து யூஇஎஃப்ஏ கோப்பை. 2004 மே 26 அன்று ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனில் மொனாக்கோவை 3-0 என்று ஜெயித்து சாம்பியன்ஸ் லீக். பெரும் பணக்காரக் கிளப்புகள் மட்டுமே தொடும் கோப்பை அது. அதற்குப் பின் இன்றுவரை ஸ்பெயின், இங்கிலாந்து, இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் என்ற ஐந்து நாடுகளுக்கு வெளியே அந்தக் கோப்பை போகவில்லை. அன்று போர்டோ அணியில் அதை முதலில் தூக்கியவர் பட்டையை எறிந்து வெளியேறிய அதே ஸ்டாப்பர். பக்கத்தில் ரிக்கார்டோ கார்வால்யோ என்ற இளைய பின்களக்காரர். ஓட்டம் கார்வால்யோவுக்கு, குரல் கோஸ்டாவுக்கு என்று சொல்வேன். முப்பத்திரண்டு வயதில் கால் மெதுவாகிவிட்டது; ஆனால் யார் எங்கே நிற்க வேண்டும் என்று நாலு விநாடி முன்னாடியே அவருக்குத் தெரிந்தது. அதை உரக்கச் சொல்லவும் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் உங்களிடம் பேச வேண்டிய விஷயம் தொடங்குகிறது. மைதானத்தில் ஆட்டம் முழுவதையும் எதிரே வைத்துப் பார்க்கிறவர்கள் இரண்டே பேர்: கோலியும் ஸ்டாப்பரும். முன்னால் ஆடுகிறவனுக்குப் பாதி ஆட்டம் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. நடுவில் ஆடுகிறவன் தலையைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு முன்னால் நிற்கும் எல்லாருடைய முதுகும் தெரியும். யார் களைத்துவிட்டான், யார் இடத்தை விட்டுவிட்டான், எந்தப் பக்கம் ஓட்டை விழுகிறது என்பதெல்லாம் கண்ணெதிரே. பார்த்ததைச் சொல்லிச் சொல்லி ஆடினால் உங்களுக்கே தெரியாமல் பயிற்சியாளருக்கான பாதிப் படிப்பு முடிந்துவிடுகிறது.

நம் நாட்டில் இதற்குச் சான்று உண்டு. சுப்ரதா பட்டாச்சார்யா மோகன் பகானின் பின்களத்தில் பல வருடம் நின்றவர். பின்னர் அதே அணிக்குப் பயிற்சியாளராகி 1999-2000இலும் 2001-02இலும் தேசிய லீக்கை வென்று கொடுத்தார். இந்தியப் பின்களத்தில் நின்ற மகேஷ் கவ்லியும் கௌராமாங்கி சிங்கும் பயிற்சி வேலைக்குத்தான் போனார்கள். சென்னையில் வி.பி.சத்யன் இருந்தார். கண்ணூர் பக்கத்துக்காரர், இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய பின்களக்காரர், இந்தியன் வங்கி அணிக்கு ஆடி, பிறகு அந்த அணிக்கே பயிற்சியாளராகவும் இருந்தார். 2006இல் 41 வயதில் அவர் வாழ்க்கை துயரமாக முடிந்தது. அவரைப் பற்றி 2018இல் மலையாளத்தில் ‘கேப்டன்’ என்று படம் வந்தது. ஆடிக்கொண்டிருந்த கால் நின்றபின் ஒருவனைத் தனியாக விட்டுவிடக் கூடாது என்று அவரை நினைக்கும்போதெல்லாம் தோன்றும். நம் ஊரிலும் அப்படித் தனியாகிப்போன பழைய ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். போய்ப் பாருங்கள், மைதானத்துக்குக் கூட்டி வாருங்கள்.

கோஸ்டாவின் பயிற்சியாளர் வாழ்க்கையை உயர்த்திச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 2007இல் பிராகா அணியில் தொடங்கினார், அந்த வருடமே வேலை போனது. அடுத்து ஒலியான்யென்சே என்ற தெற்கத்திச் சிறிய கிளப்பை 2009இல் இரண்டாம் பிரிவில் சாம்பியனாக்கி முதல் பிரிவுக்குக் கொண்டுவந்தார். ருமேனியாவில் குளூஷ் அணி 2012இல் பட்டத்துக்கு நெருக்கமாகப் போய்க்கொண்டிருந்தபோது அவரை நீக்கிவிட்டார்கள். அவர் போனபின் அதே அணி பட்டம் வென்றது. சைப்ரசில் இரண்டு அணிகள். ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டு அணி: 2015 ஆப்பிரிக்கக் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தது. அந்த நாடே அடுத்த கோப்பையை நடத்தத் தயாரானபோது அவர் வேலையில் இல்லை. துனிசியா, பிரான்ஸ் என்று இன்னும் சில ஊர்கள். கூட ஆடிய சிலர் பெரிய கிளப்புகளின் பெஞ்சில் உட்கார்ந்தபோது இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போனார். சம்பளத்துக்காகத்தான் போனார் என்று யாராவது சொன்னால் எனக்கு அதில் குறை தெரியவில்லை. தெரிந்த தொழிலை எங்கே கேட்கிறார்களோ அங்கே போய்ச் செய்வதை நம் திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மும்பைக்கு வந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 2018 அக்டோபரில் தொடங்கிய சீசனில் முதல் ஆட்டமே ஜம்ஷெட்பூரிடம் 2-0 தோல்வி. அதே மாதம் கோவாவிடம் 5-0. ஒரு பின்களக்காரர் பயிற்சி தரும் அணி ஐந்து கோல் வாங்குவதைவிடக் கேவலம் கிடையாது. அதன்பிறகு அந்த அணி தோல்வியில்லாமல் தொடர்ந்து பல ஆட்டங்கள் ஆடியது. டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸை 6-1 என்று அடித்தது. செனகல்காரர் மோடூ சூகூ மட்டும் 4 கோல். லீக்கில் மூன்றாம் இடம். அரையிறுதியில் மறுபடி அதே கோவா, மும்பை மைதானத்திலேயே 5-1 தோல்வி. இரண்டாவது ஆட்டம் கோவாவில். நாலு கோல் பாக்கி வைத்துக்கொண்டு ஆடப் போன அணி அது. ஜெயித்தும் பயனில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஆட்டத்தை 1-0 என்று ஜெயித்துவிட்டு வெளியே வந்தார்கள். எனக்கு அந்த 6-1ஐவிட இந்த 1-0தான் பிடிக்கும். போட்டியிலிருந்து வெளியே போவது உறுதியான பிறகும், அவ்வளவு வேகமாகக் கோல் போடும் அணியை ஒரு கோல்கூடப் போடவிடாமல் வைத்திருந்தது பின்களம்.

அடுத்த சீசனின் கடைசி லீக் ஆட்டம் 2020 பிப்ரவரி 21, மும்பையில். எதிரே சென்னையின் எஃப்.சி. நாலாவது இடம் யாருக்கு என்பதுதான் கேள்வி. கடைசிக் கட்டத்தில் சென்னையின் சார்பில் லூசியன் கோயன் கோல் போட்டார். கோயன் முன்னாள் மும்பை ஆட்டக்காரர், அவரும் பின்களக்காரர். சென்னை 1-0 என்று ஜெயித்து அரையிறுதிக்குப் போனது. மும்பை ஐந்தாம் இடத்தோடு நின்றது. அடுத்த மாதமே மும்பையில் கோஸ்டாவின் வேலை முடிந்தது. நம்மூர் அணியின் ஒரு பின்களக்காரர் போட்ட கோல்தான் அவருடைய இந்திய வாழ்க்கைக்குக் கதவைச் சாத்தியது.

அவர் போனபின் இங்கே என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். அந்த இரண்டு சீசனும் அவரிடம் பின்களத்தில் ஆடிய சுபாசிஷ் போஸ் 2024-25இல் மோகன் பகானின் கேப்டனாக லீக் ஷீல்டையும் கோப்பையையும் சேர்த்தே தூக்கினார். அதில் கோஸ்டாவின் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் சாம்பியன்ஸ் லீக்கைத் தூக்கிய ஒரு ஸ்டாப்பரிடம் இரண்டு வருடம் பாடம் கேட்க நம் நாட்டுப் பையன்களுக்கு வாய்த்தது. அது சிறிய விஷயமில்லை.

ஊர் திரும்பிய பிறகும் அவர் ஓயவில்லை. அகாடமிகோ த விசேவு என்ற இரண்டாம் பிரிவு அணியை 2023இல் லீக் கோப்பை அரையிறுதி வரை கொண்டுபோனார். ஏவிஎஸ் என்ற புதிய கிளப்பை 2024இல் முதல் பிரிவுக்கு ஏற்றினார். அதே வருடம் போர்டோவின் புதிய தலைவர் அந்த்ரே வில்லாஸ்-போவாஸ் அவரைக் கால்பந்துப் பிரிவின் இயக்குநராக அழைத்துக்கொண்டார். ஒரு வருடம்தான் அந்த வேலையைப் பார்த்தார்.

இப்போது வெள்ளகோவிலுக்கு வருகிறேன். இங்கே பையன்களுக்குப் பந்து இருக்கிறது, கால் இருக்கிறது, மைதானமும் ஓரளவு இருக்கிறது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஒரு பி.டி. வாத்தியார் ஒரே மாலையில் கபடியும் கோகோவும் வாலிபாலும் பார்த்துவிட்டுக் கால்பந்துக்கும் வர வேண்டும் என்றால் அவரால் என்ன செய்ய முடியும்? சென்னையிலிருந்து யாரும் வந்து இந்தக் குறையைத் தீர்க்கப் போவதில்லை. உங்களில் யாராவது ஒருவர்தான் செய்ய வேண்டும். கோல் போடுகிற தம்பியைவிட நீங்கள் அதற்குப் பொருத்தமானவர் என்பதை இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதல் காரியம், ஆடும்போது வாயைத் திறங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள். பக்கத்துத் தறிக்கூடங்களிலும் மில்களிலும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து வேலை செய்கிற பையன்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சின்ன வயதிலிருந்து கால்பந்து ஆடி வளர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை அறையில் படுத்துக் கிடக்கும் அவர்களை மைதானத்துக்குக் கூப்பிடுங்கள். மொழி தெரியாத ஆளை வைத்துப் பின்களத்தை நிறுத்தப் பழகினால் எந்த அணியையும் நிறுத்தலாம். போர்ச்சுகீசியம் பேசும் மனிதர் மும்பையில் பஞ்சாபியையும் வங்காளியையும் மணிப்பூரியையும் ஒரே கோட்டில் நிறுத்தினார்.

இரண்டாவது, வாரத்தில் ஒரு மாலையாவது பத்து வயதுப் பிள்ளைகளைக் கூட்டி வையுங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்து. அவர்களுக்கு உங்கள் வேலையைக் கற்றுக்கொடுங்கள்: எதிராளியின் காலைப் பார்க்காமல் பந்தைப் பார்ப்பது, உடலைச் சாய்த்து அவனை ஓரத்துக்குத் தள்ளுவது, பக்கத்தில் நிற்பவன் முன்னேறினால் தான் பின்வாங்கி இடத்தை மூடுவது. பதினெட்டு முடிந்தவர்கள் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் டி லைசென்ஸ் பயிற்சி வகுப்பு எப்போது, எங்கே நடக்கிறது என்று விசாரித்து வையுங்கள். பயிற்சியாளர் ஆவதற்கு அது ஓர் ஆரம்பப் படி. வகுப்புக்குப் பணமும் சில நாள் விடுப்பும் வேண்டும். முதலாளியிடம் கேளுங்கள், ஊரில் வசதியுள்ளவர்களிடம் கேளுங்கள். கோயில் விழாவுக்கும் கச்சேரிக்கும் கேட்டால் கொடுக்கிற ஊர் இது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளை உருவாக்கக் கேட்டாலும் கொடுக்கும்.

அடுத்த போட்டியை நடத்தும் கமிட்டியிடமும் போய் ஒன்று கேளுங்கள். அதிக கோல் போட்டவருக்குக் கொடுக்கும் பரிசுக்கு நிகராகச் சிறந்த பின்களக்காரருக்கும் ஒரு பரிசு வையுங்கள் என்று கேளுங்கள். பணம் இல்லை என்று சொன்னால் அந்தப் பரிசுத் தொகையை நான் தருகிறேன். பெயர் மட்டும் மைக்கில் நாலு முறை சொல்லப்பட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் ஒருவன்,
வெள்ளகோவில்.